சொம்புக்காரர் கேட்ட குதிரை

அட்டுவம்பட்டியில் மூணு மாடி லாட்ஜ் ஒண்ணு நிற்கிறதே, மொட்டை மாடியில் பச்சைத் தகரம் போட்டது, அது நான் கட்டினது. பண்ணைக்காட்டில் காப்பி உலர்த்துகிற சிமெண்டுக் களம், மிளகுக் கிட்டங்கி, பேத்துப்பாறைப் பாதையில் ஓடுகிற ஜீப்புகள், வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி, எல்லாம் நான் உண்டாக்கினது. பள்ளிக்கூடம் மூணாவதோடு சரி. பேப்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதையும் நானேதான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். முதன்முதலில் பாங்கிக்குப் போனபோது மேனேஜர் என் செருப்பைப் பார்த்தார், நாற்காலியைக் காட்டவில்லை. அந்தப் பாங்கி இன்றைக்கு என் கட்டடத்தில்தான் வாடகைக்கு இருக்கிறது. ஒரு மழையில் மண் சரிந்து லாட்ஜின் பின்சுவர் மொத்தமும் பள்ளத்துக்குப் போனபோது, "இவன் சோலி முடிஞ்சுது" என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அடுத்த சீசனுக்கு அதே இடத்தில் கருங்கல்லில் சுவர் எழுப்பிக் காட்டினேன்.

இதெல்லாம் நான் செய்தது என்று ஊருக்குத் தெரியும். ஆனால் நான் முதன்முதலாக உண்டாக்கினது எது என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு வசனம். அப்போது எனக்கு எட்டு வயசோ ஒன்பது வயசோ. அதைப் போன மாசம் என் கண் முன்னால் இன்னொருத்தன் பேரில் எழுதி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அன்றைக்கு வந்த குமட்டல் இன்னும் அடங்கவில்லை.

என் வயசுக்காரர்களே, பண்ணைக்காட்டுச் சந்தைத் திடலில் டூரிங் கொட்டகை போட்டபோது, மறைக்கிற தலைக்கு மேலே பார்க்க மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தீர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நீங்கள் பத்துப் பேராவது இருக்கமாட்டீர்களா? இருந்தால் வாயைத் திறக்க வேண்டிய நேரம் இது.

விழா நடந்தது ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில். பேசும்படம் வந்த புதுசில் ஜோடியாக நடித்த இரண்டு சிரிப்பு நடிகர்களை மறுபடி கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒருத்தர் எப்போதும் குடையோடு வருவார், ஒருத்தர் சொம்போடு. அவர்கள் பேர் அன்றைக்கும் நமக்குத் தெரியாது. குடைக்காரர், சொம்புக்காரர் என்போம். குடைக்காரர் முதலாளி, சொம்புக்காரர் அவருடைய வேலையாள். எந்தப் படத்தில் வந்தார்கள் என்பதும் தெரியாது. ஏனென்றால் அந்தக் காலத்துப் படங்களில் சிரிப்புக் கட்டத்துக்கும் கதைக்கும் ஒட்டு உறவு கிடையாது. கொட்டகைக்காரர்கள் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து ஒன்றாக ஒட்டி, எந்தப் படம் வந்தாலும் அதற்கு முன்னால் அதை ஓட்டுவார்கள். ஒட்டு ரீல் என்று பேர். அப்படி ஒரு ஒட்டு ரீல் பழனியில் அந்தக் கொட்டகை முதலாளியின் பேரன் வீட்டுப் பரணில் தகர டப்பாவில் கிடந்திருக்கிறது. மேடையில் அந்த டப்பாவைத் திறந்து காட்டினார்கள். ஊசிப்போன காடி மாதிரி ஒரு நாற்றம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் ஓட்டல் பையன் நீட்டிய தட்டில் பன்னீர் பஜ்ஜி. வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அம்மாதான் இதைக் கிளப்பியவர். ரீலில் படம் பிழைத்துக் கிடக்கிறது, ஓரத்தில் இருந்த பேச்சை மட்டும் பூஞ்சை தின்றுவிட்டது. அந்த அம்மாவும் கூட வந்தவர்களும் பண்ணைக்காடு, பேத்துப்பாறை என்று அலைந்து, கிழவன் கிழவிகளிடம் "அந்த வசனம் ஞாபகம் இருக்கா" என்று கேட்டுப் பதிவு செய்து, அதை இப்போதைய நடிகர்களைப் பேசவைத்துப் படத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு நாளும் அவர்கள் தங்கியது என் லாட்ஜில். சும்மா தங்கவைத்தேன். லாட்ஜ்காரனிடம் சாவி கேட்பார்கள், சுடுதண்ணி கேட்பார்கள், பழைய கதை கேட்பார்களா? பழைய படம் பற்றி ஆராய்ச்சி என்றார்கள். எனக்கு மிளகு சீசன். எந்தப் படம் என்று நானும் கேட்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் குடைக்காரர் நடந்து வந்தார். பின்னால் சொம்போடு சொம்புக்காரர்.

"ஏலே, சொம்பைத் தூக்கிட்டு வெரசா வாலே."

"கனக்குது மொதலாளி."

"காலிச் சொம்பு எப்பிடிலே கனக்கும்?"

"ஒங்க எச்சி கனமானது மொதலாளி."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிறகு, குடைக்காரர் அந்தச் சொம்பில் துப்பின வெற்றிலைச் சாற்றைச் சொம்புக்காரர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து கேட்டார்.

"மொதலாளி, குதிரைய அவுத்து விடுங்க."

அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியர் அம்மா மைக்கைப் பிடித்தார். "இந்த ரீல் முழுக்கத் தேடினாலும் ஒரு குதிரை கிடையாது. ஆனாலும் அவர் திரும்பத் திரும்பக் குதிரையைக் கேட்கிறார். அது விடுதலையின் குறியீடு. அந்தக் காலத்திலேயே இப்படி எழுதியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய மேதைகள்!"

குறியீடாம். தூ.

அந்தக் குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் வெள்ளை, உடம்பெல்லாம் செவலை. பேரும் செவலைதான். எங்கள் அத்தாவோடது, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தாவுக்குப் பொதிக்குதிரைத் தொழில். எஸ்டேட்டிலிருந்து காப்பி மூட்டையை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவார், திரும்பும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய். இருந்தது ஒரே ஒரு மட்டக்குதிரை. எங்கள் வீட்டில் எங்களுக்குச் சோறு வேகும் முன்னால் அதற்குக் கொள்ளு வேகும். அந்தக் கொள்ளு ஆவியும், சேணத்துச் சாக்கின் ஈர வாடையும், குதிரை வேர்வையும் கலந்த ஒரு வாசம் எங்கள் சட்டையில் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்துவான்கள். எனக்கு அது நல்ல வாசம்தான்.

அந்த வருசம் மழையில் ரோடு பெயர்ந்துபோனது. கொட்டகைச் சாமான் ஏற்றிய லாரி ஊத்து என்கிற ஊரோடு நின்றுவிட்டது. கொட்டகை முதலாளி பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர், சில்க் ஜிப்பா, வாய் நிறைய வெற்றிலை. பிலிம் ஓரத்தில் ஓடுகிற ஒலிக்கோட்டைப் பேச்சாக மாற்றுகிற சவுண்டுப் பெட்டி ஒன்று, அது தனியாக ஒரு ஆள் கனம். அதோடு தகர நாற்காலிகளையும் ஏற்றச் சொன்னார்.

"மொதலாளி, ஓடையில தண்ணி வருது. ரெண்டு நடையா கொண்டாந்துருவோம்" என்றார் அத்தா.

"ராவுத்தரே, இன்னைக்கு ஆட்டம்னு தண்டோரா போட்டாச்சு. குதிரைக்காரருக்கே குதிரை மேல நம்பிக்கை இல்லைன்னா எப்பிடி? ஒரே நடையா ஏத்துங்க."

ஓடையில் செவலை வழுக்கியது. பெட்டி தண்ணீருக்குள். பாறை கிழித்துக் குதிரையின் பின்னங்காலில் நீளமாக ஒரு காயம். முதலாளி காயத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். குதிரையின் கயிற்றை அத்தா கையிலிருந்து வாங்கி, "பெட்டி மதுரைக்குப் போய் ரிப்பேராகி வர்ற வரைக்கும் இது எங்கிட்ட கெடக்கட்டும்" என்றார். ஊர்ப் பெரியவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அது நியாயந்தானே என்று தலையாட்டினார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் அதே பெரியவர்கள் கொட்டகையில் முன்வரிசைத் தகர நாற்காலியில் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தது அப்போது. புரிந்தது இந்த வயசில்.

அத்தா தினமும் வெள்ளனே எழுந்து போய்க் கொட்டகை வாசலில் நிற்பார். தோள்துண்டு கக்கத்தில், கை கட்டி, முதுகு வளைந்து. முதலாளி வெற்றிலைச் சாற்றைப் பித்தளைப் படிக்கத்தில் துப்பிவிட்டு, "பார்ப்போம் ராவுத்தரே" என்பார். அந்தப் படிக்கத்தின் விளிம்பில் சிவப்பாக வழிந்து காய்ந்திருக்கும். அதில் ஈ உட்காரும். அதைக் கழுவி வைக்கவும் அத்தாவிடமே ஒருநாள் சொன்னார். அத்தா கழுவினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நாள் கழித்து, பெட்டி இல்லாமலே ஆட்டம் ஆரம்பமானது. பாட்டுத் தட்டு வைக்கிற மைக்கும் குழாயும் தனி, அது வேலை செய்தது. படம் மட்டும் ஊமை. முதலில் ஒட்டு ரீலைப் போட்டார்கள். குடைக்காரர் வெற்றிலைச் சாற்றைச் சொம்பில் துப்புகிறார். அது தெரியாமல் சொம்புக்காரர் தாகத்துக்குக் குடிக்கிறார். அதுதான் அந்தக் காலத்துச் சிரிப்பு. வேலையாள் முட்டாள், அவன் எச்சில் குடிப்பான், நாம் சிரிக்க வேண்டும். கூட்டமும் சிரித்தது. எனக்கு ஓங்கரித்தது. குடித்துவிட்டுச் சொம்புக்காரர் கையைக் கட்டி முதுகை வளைத்து நின்றார் பாருங்கள், அது அப்படியே காலையில் கொட்டகை வாசலில் நிற்கிற அத்தா. வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. மணல்மேட்டில் எழுந்து நின்று அந்த வாய்க்கு நான் கத்தினேன்.

"மொதலாளி, குதிரைய அவுத்து விடுங்க!"

வாயசைவுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கொட்டகை குலுங்கியது. எல்லோருக்கும் செவலை எங்கே கட்டிக் கிடக்கிறது என்று தெரியும்.

முதலாளி வந்து என் காதைப் பிடித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். கையில் மைக்கைக் கொடுத்தார். "நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் நீதான் பேசணும். ஏதோ ஒண்ணு பேசு. ஆனா இந்தக் குதிரைய விட்றாத."

சாயங்காலமானால் மைக்கும் நானும். குடைக்காரருக்குக் கட்டைக் குரல், சொம்புக்காரருக்குக் கீச்சுக் குரல். எல்லாம் என் சொந்தச் சரக்கு.

"மழையே இல்லையே, எதுக்கு மொதலாளி குடை?"

"மழை பெஞ்சா குடை நனைஞ்சிரும்லே. இப்பவே புடிச்சுக்கிட்டாத்தான் உண்டு."

பேத்துப்பாறையிலிருந்தெல்லாம் பந்தம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சந்தையில் முதலாளி நடந்தால் சின்னப் பையன்கள் பின்னாலேயே போவார்கள். டீக்கடைக்காரர் சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு, "மொதலாளிக்கு டீயா, குதிரையா?" என்பார். அவரை வெட்கப்படவைத்துக் குதிரையை வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. அத்தா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "கூத்தாடிப் பய" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

என் கணக்கு தப்பு. அந்த மனுசனுக்கு வெட்கம் வரவில்லை, கூட்டம்தான் வந்தது. கூட்டம் எதற்கு வருகிறது என்று அவருக்குத் தெரிந்துபோனது. மதுரையிலிருந்து பெட்டி ரிப்பேராகி வந்துவிட்டது. சாக்குப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் கட்டிக் கிடந்த செவலையை முன்வாசலுக்குக் கொண்டுவந்து, டிக்கெட் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் முளை அடித்துக் கட்டினார். கழுத்தில் கதம்ப மாலை. வருகிறவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு உள்ளே போய், அந்த வசனத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, திரும்பும்போது மறுபடி பார்த்துச் சிரிப்பார்கள்.

யாரும் பின்னங்காலைப் பார்க்கவில்லை. மாலைதான் கண்ணில் பட்டது. நான் பார்த்தேன். காயம் வாய் பிளந்து, ஓரம் கறுத்து, மஞ்சளாக நீர் வடிந்தது. கிட்டே போனால் செத்த எலி நாற்றம். குனிந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. செவலை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. முதலாளியிடம் ஓடிச் சொன்னேன். "அதுக்கென்ன, நிக்குதுல்ல?" என்றார்.

சந்தை நாள் சாயங்காலம். கொட்டகையில் ஊசி போட இடமில்லை. குடைக்காரர் துப்பினார், சொம்புக்காரர் குடித்தார், கையைக் கட்டினார். கூட்டம் மொத்தமும் என்னை முந்திக்கொண்டு, "குதிரைய அவுத்து விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தது. நான் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து வேறொன்று பேசினேன். கீச்சுக் குரல் இல்லை. என் குரல்.

"சிரிக்காதீங்க. காலுல புழு வச்சுக் கெடக்கு. வெளிய போய்ப் பாருங்க."

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நின்றுபோனது. முதலாளி ஓடிவந்து மைக் ஒயரைப் பிடுங்கினார். திரையில் சொம்புக்காரர் ஊமையாக வாயசைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் எழுந்தார்கள். காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பொம்பளைகள். அவர்கள் போய்க் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மாலையைப் பிய்த்து எறிந்தாள். இன்னொருத்தி முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, "நாசமாப் போறவன்" என்று முதலாளி காதுபடச் சொல்லிவிட்டு, கயிற்றை என் கையில் கொடுத்தாள். ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தகர நாற்காலிப் பெரியவர்கள் நாற்காலியை விட்டே எழவில்லை.

செவலையை நொண்ட நொண்ட வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தா வேப்பெண்ணெயும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார். விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முதலாளி முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பய தெரியாம பேசிட்டான் மொதலாளி, மாப்புக் குடுங்க" என்றார். முதலாளி படிக்கத்தில் துப்பிவிட்டு, "போய்ச் சோலியப் பாருங்க ராவுத்தரே" என்றார்.

அதை நான் ரொம்ப வருசம் மனசில் வைத்துக் காறிக்கொண்டிருந்தேன். நானும் நாலு பேருக்கு வேலை கொடுக்கிற இடத்துக்கு வந்தபிறகுதான் ஒன்று தெரிந்தது. பண்ணைக்காட்டுக்கு மண்ணெண்ணெய், உப்பு, அரிசி மூன்றும் அந்த முதலாளியின் கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அவர் வேண்டாம் என்றால் அத்தாவுக்கு மலையில் பொதியே கிடையாது. அத்தா மாப்புக் கேட்டது எங்கள் வயிற்றுக்காக. அது தெரிந்தும் அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசப்புதான்.

செவலை அப்புறம் பொதி சுமக்கவில்லை. கால் வளைந்தே ஆறியது. அத்தா தலைச்சுமைக்குப் போனார். என் மூணாவது வகுப்பு அந்த வருசத்தோடு முடிந்தது. படம் ஓட்டுகிற அண்ணன் மட்டும் கொட்டகை பிரிக்கிற அன்றைக்கு, சொம்புக்காரர் கைகட்டி நிற்கிற இடத்திலிருந்து ஒரு துண்டு பிலிம் வெட்டிக் கொடுத்தார். வெயிலில் பிடித்தால் சின்னதாகத் தெரிவார். அதை அக்கா விளக்கில் காட்டினாள், எரிகிறதா என்று பார்க்க. புஸ்ஸென்று போய்விட்டது. ஆகவே என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை, இந்த வாயைத் தவிர.

இப்போது விழாவுக்கு வருகிறேன். மேதைகள் என்று பேராசிரியர் அம்மா சொன்னதும் நான் எழுந்தேன்.

"அம்மா, அது அவுக பேசினது இல்ல. நான் பேசினது. அந்தக் குதிரை எங்க அத்தாவோட குதிரை."

நிகழ்ச்சி நடத்துகிற பொண்ணு மைக்கில் குதித்தது. "வாவ், சாரும் நல்லா காமெடி பண்றாங்களே! சாருக்கு ஒரு பெரிய கிளாப்ஸ்!" கைதட்டினார்கள். "குதிரைய அவுத்து விடுங்க" என்று பின்னால் எவனோ கத்தினான். மறுபடி சிரிப்பு. அதே சிரிப்பு. சந்தைத் திடலில் கதம்ப மாலையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, ஏசி போட்ட அறையில்.

என் மகன் வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தான். "அத்தா, சும்மா இருங்க, நம்ம கெஸ்ட்டுங்க." அப்புறம் அந்த அம்மாவிடம் போய், "சாரி மேடம், அத்தாவுக்கு வயசாயிருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று குனிந்து சொன்னதை நான் கேட்டேன். மாப்புக் கேட்கிறான், எனக்காக. கக்கத்தில் துண்டு ஒன்றுதான் இல்லை.

வெளியே வரும்போது வாசல் பேனரைப் பார்த்தேன். குடைக்காரர், சொம்புக்காரர் படம் பெரிசாக. மூல வசனம்: அறியப்படாத மேதைகள். அடியில் பொடி எழுத்தில் என் பேர். எதற்கு? தங்கும் வசதி உதவி.

கட்டில் போட்டுக் கொடுத்ததற்கு எனக்குப் பேர். சுடுதண்ணிக்குப் பேர். அந்த ஊமை வாய்க்குள் உயிரை வைத்ததற்கு இல்லை. ஊர்க்காரர்களும் வசனத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பேசினவனை இல்லை. சிரித்த பாதி ஞாபகம் இருக்கிறது, புழுவைச் சொன்ன பாதியை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சிரித்தவர்களுக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? கயிற்றை அவிழ்த்த அந்தப் பொம்பளைகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதனால் பேராசிரியர் அம்மாவுக்கும், அந்தப் படத்தை இனிமேல் ஊர் ஊராகக் காட்டப் போகிறவர்களுக்கும் இதைப் பகிரங்கமாகக் கேட்கிறேன். குடைக்காரரும் சொம்புக்காரரும் நடித்தார்கள், நன்றாகவே நடித்தார்கள், அதற்கு அவர்களுக்கு மாலை போடுங்கள். தங்கும் வசதி என்கிற இடத்திலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள், எனக்கு அது வேண்டாம். வசனம் என்கிற இடத்தில் போடுங்கள், குடைக்காரர் படம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய எழுத்தில். பக்கத்திலேயே, பண்ணைக்காட்டுப் பொதிக்குதிரைக்கார ராவுத்தர் மகன் என்று சேருங்கள். குதிரைக்கு விளக்கம் சொல்வதை நிறுத்துங்கள்.

கடைசி வசனத்தையும் போடுங்கள். சொம்புக்காரர் கை கட்டி நிற்கிற அந்த இடத்தில்தான் வரவேண்டும். வேற நடிகரைக் கூப்பிட வேண்டாம். நானே வந்து பேசித் தருகிறேன், குரல் இன்னும் போகவில்லை: "சிரிக்காதீங்க. காலுல புழு வச்சுக் கெடக்கு. வெளிய போய்ப் பாருங்க."